விளக்கனுக்கு எந்தக் கை

பழைய பஸ் ஒன்றை உடைத்து இரும்புக்குக் கொடுத்த ஒருவர், அதன் வைப்பர் மோட்டர்கள் இரண்டையும் எறிய மனமில்லாமல் சுபாஜினியின் கடையில் போட்டுவிட்டுப் போனார். நறுவிலிக்குளத்தில் எரிந்துபோன மோட்டருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை அது ஒன்றுதான். வயல் மோட்டர், கிணற்று மோட்டர், மின்விசிறி, எது புகைந்தாலும் அங்கேதான் வரும். கம்பி சுற்றுவது சுபாஜினி. வெல்டிங் வேலையெல்லாம் அவளுடைய புருசன் ஜெகதீபன். இரண்டு பேரும் சின்ன வயதிலேயே வள்ளமேறிப்போய் இந்தியாவில் அகதி முகாம்களில் வளர்ந்தவர்கள். சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பியபோது அவர்களும் வந்து, தரப்பாள் கொட்டிலில் இருந்து, பிறகு கல்வீடு கட்டி, வீட்டு முகப்பிலே தகரம் இறக்கிக் கடை போட்டார்கள்.

அன்று பின்னேரம் வேலை ஒன்றும் இருக்கவில்லை. ஜெகதீபன் சும்மா ஒரு மோட்டரைப் பற்றரியில் கொழுவிப் பார்த்தான். அதில் பூட்டியபடியே இருந்த இரும்புக் கை மெல்ல எழும்பிப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அவசரமே இல்லாத போக்கு. யாரோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

சுபாஜினி கையிலிருந்த கம்பியை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விளக்கன்" என்றாள்.

ஜெகதீபன் தலையாட்டினான். அவனுக்கும் அதே நினைவுதான் வந்திருந்தது.

விளக்கன் என்பது ஒரு படத்தில் வந்த ரோபோ. மண்டபம் முகாமில் யாரோ தொண்டு நிறுவனக்காரர் இருட்டினவுடனே திடலில் துணி கட்டிப் போட்ட வெள்ளைக்காரப் படம். பேர் யாருக்கும் தெரியாது. அதில் கதைக்கிற பேச்சும் விளங்காது. ஆனால் விளக்கன் பேசவே மாட்டான், ஆனபடியால் அவனை மட்டும் எல்லாருக்கும் விளங்கியது. ஒரு ஊரை வெள்ளம் மூடிவிடுகிறது. சனம் மாடிகளில் ஒளித்திருக்கிறது. விளக்கன் என்ற அந்த நெடுத்த, தட்டைக் காலுள்ள யந்திரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு வீடாகப் போகும். ஒரு கையில் விளக்கு. மற்றக் கையால் தட்டும். கதவு திறந்தால் தலையைச் சரித்து, உள்ளே இருப்பவர் சொல்வதைக் கேட்கும். பிறகு அடுத்த வீடு. பேர் வைத்தது முகாமிலிருந்த பிள்ளைகள்.

படம் முடிந்து நெடுநாளைக்கு முகாம் பிள்ளைகளெல்லாம் விளக்கனாக நடந்தார்கள். சுபாஜினி குப்பி விளக்கை இடக்கையில் பிடித்துக்கொண்டு, கால்களை இழுத்து இழுத்து வரிசைக் குடிசைகளின் ஓலைக் கதவுகளைத் தட்டித் திரிந்தாள். இடக்கையில் விளக்குப் பிடிக்கிற அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை. இப்போதும் இருட்டில் கிணற்றடிக்குப் போனால் டோர்ச் இடக்கையில்தான்.

அப்படித்தான் விளக்கனைச் செய்யத் தொடங்கினார்கள். ஏன் செய்கிறோம் என்று இரண்டு பேரும் கதைத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்த பின்னேரங்களில் ஜெகதீபன் அலுமினியச் சட்டம் வெட்டினான். சுபாஜினி கழுத்துக்குச் சைக்கிள் செயின் போட்டு, தலை சரிகிற வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தாள். கெதியாகச் சரிந்தால் அது யாரையோ முட்டப் போகிற மாதிரி இருந்தது. வேண்டிய வேகம் பிடிபட்ட அன்று, அவள் தன்பாட்டில் அதற்கு முன்னால் போய் நின்று, "ஓம், சொல்லுங்கோ" என்றாள். பிறகு, சொல்ல வேண்டியவள் தான்தான் என்று நினைவு வந்து சிரித்தாள்.

உடம்புக்கு வங்காலைப் பஸ்ரியண்ணையைப் பிடித்தார்கள். அவர் கடலுக்குப் போவதை விட்டுவிட்டுப் பைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைக்கிறவர். படத்தைப் பார்க்காதவர். அந்த வருசங்களில் அவர் மடுவில், மாதா கோயிலைச் சுற்றியிருந்த கொட்டில்களில் இருந்தவர். இவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, வள்ளத்தின் முன்மூக்கான அணியத்துக்கு எடுக்கிற வளைவை நெஞ்சுக்கு எடுத்து, தோளைச் சற்றுக் கூனலாக வார்த்தார். தண்ணீருக்குள் நடக்கிற உருப்படி எண்டால் முன்பக்கம் தண்ணியைப் பிளக்க வேணும் என்பது அவருடைய கணக்கு. வெயிலில் காயவைத்திருந்த அந்த வெள்ளை நெஞ்சைப் பார்த்த ஜெகதீபன், படத்தில் இருந்ததே இங்கே வந்திருக்கிறது என்பதை நம்பமுடியாமல் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தான்.

நாலாவது ஆளாக வந்து சேர்ந்தவள் நசீறா. மன்னார் ரவுணில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவள். தண்ணீர் மோட்டரைத் திருத்த எடுத்துக்கொண்டு வந்தவள், தகரத்துக்குக் கீழே சாத்தி வைத்திருந்த பாதி யந்திரத்தைக் கண்டு, மோட்டரை மறந்துபோய் நின்றாள். அவளும் அந்தப் படத்தைப் பார்த்தவள். புத்தளத்தில், இடம்பெயர்ந்தவர்களின் முகாமில், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில். உம்மா அவளையும் தங்கச்சியையும் பாய்க்குள்ளே சுருட்டி வைத்துக்கொண்டு, கடைசிவரைக்கும் பார்க்கவிட்டாவாம். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நசீறா தொழுகை முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்து இறங்கினாள். தலைக்குள் இருக்கிற வயர்களை ஒழுங்கு பண்ணி, விளையாட்டுக் கார் ஒன்றின் ரிமோட்டைக்கொண்டு விளக்கனை நடக்க வைக்கிற வேலை அவளுடையதாயிற்று.

ஆளுக்கொரு விளக்கனை மனதில் வைத்துக்கொண்டு ஒரே விளக்கனைச் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. கண் ஒன்றா இரண்டா என்பதில் சண்டை வரவில்லை. கையில்தான் வந்தது. விளக்கு இடக்கையில் என்றாள் சுபாஜினி. வலக்கை என்றான் ஜெகதீபன். நசீறாவும் வலக்கை என்றாள். சுபாஜினி பிடித்த பிடியை விடவில்லை. கை இரண்டையும் செய்கிறவள் அவள்தானே. விளக்கை இடக்கையிலேயே வைத்து வயர் இழுத்துப் பூட்டினாள். கலியாணம் கட்டின காலத்திலிருந்தே அவர்களுக்குள் இருந்த பழைய வழக்கு அது. நீர் பார்த்தது வேறு நாள் போட்ட வேறு படமாக்கும் என்று ஜெகதீபன் எப்போதும் சொல்லுவான், அவளும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவாள்.

ஜெகதீபனுக்கும் ஒரு பிடி இருந்தது. படத்தில் ஒரு இடம் வரும் என்பான். கொஞ்சச் சனம் வெறும் மணலில் குந்தியிருக்கும். எலும்பும் தோலுமான ஆட்கள். விளக்கனுடைய வெளிச்சம் அவர்கள்மேல் விழும். கண் கூசி எல்லாரும் முகத்தை மறைப்பார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் கையை நீட்டி வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கும். அவ்வளவுதான், அந்தச் சனம் பிறகு வராது. படம் முழுக்க மறந்துபோனாலும் அந்த இடம் மட்டும் தனக்கு மறக்கவில்லை என்றும், முகாமில் காய்ச்சல் வந்து கிடந்த நாட்களில் அந்தச் சனம் கனவில் வந்து தன் பாயைச் சுற்றிக் குந்தியிருக்கும் என்றும் சொன்னான். அதனால் விளக்கனின் வெளிச்சம் கீழ்நோக்கி, மணலில் குந்தியிருப்பவர் முகத்துக்குப் பொருந்த விழவேணும் என்று நின்றான்.

நசீறா யோசித்துப் பார்த்தாள். அந்தப் படத்தில் மணலே இல்லை என்றாள். எல்லாம் தண்ணீர்தான். அவன் பிழையாக நினைத்திருக்க வேணும்.

அன்று முழுக்க ஜெகதீபன் ஒரு மாதிரியாகவே இருந்தான். சுபாஜினிக்கும் தாங்கவில்லை. கையைப் பற்றி எத்தனை தடவை வாதாடியிருந்தாலும், அந்த மணல் சனத்தைப் பற்றி அவன் சொல்லும்போது அவள் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை. அவளுக்கு அந்த இடம் நினைவில் இல்லைத்தான். ஆனால் அவன் சொல்லக் கேட்டுக் கேட்டு, தானும் அந்தச் சனத்தைத் தெரிந்து வைத்திருக்கிற மாதிரி அவளுக்குள் ஒரு மயக்கம் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நசீறா லப்டொப்பும் கையுமாக வந்தாள். பஸ்ரியண்ணையும் அன்று தோளுக்குப் பூச்சுப் பூச வந்திருந்தார். படத்தின் பேரைக் கண்டுபிடித்துவிட்டதாக நசீறா சொன்னாள். பேரையும் சொன்னாள். அது யாருக்கும் ஒட்டவில்லை, விளக்கன் படம் விளக்கன் படமாகவே இருந்தது. அதைவிடப் புதினமான சேதி ஒன்று இருந்தது. வெளிநாடுகளில், தங்கள் தங்கள் வீட்டு வாகனக் கொட்டகைகளுக்குள், இதே யந்திரத்தைச் செய்து நடக்கவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் தபால்காரர், ஒருவர் பல் வைத்தியர். ஒருவருக்கொருவர் அளவுகளும் படங்களும் அனுப்பிக்கொள்கிறார்கள். நசீறா எழுதிக் கேட்டதும் படத்திலிருந்தே எடுத்த நிழற்படங்களை அனுப்பியிருந்தார்கள்.

கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாரும் பார்த்தார்கள். வெள்ளத்தில் நனைந்த ஒரு தெரு. கடைகள். நடுவே விளக்கன். பஸ்ரியண்ணை அப்போதுதான் அவனை முதன்முதலாகக் கண்டார். "கூனல் சரியாத்தான் வந்திருக்குது" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

விளக்கு வலக்கையில் இருந்தது.

யாரும் சுபாஜினியின் முகத்தைப் பார்க்கவில்லை. தோற்றவளைப் பார்க்கக்கூடாது என்ற மரியாதைதான். அவளுக்கோ தோற்றது மாதிரி இல்லை. வீட்டுக்குள் ஒரு அலுமாரியைத் திறந்தால் அதற்குள் வைத்த பொருள் மட்டுமில்லை, அலுமாரியின் உட்பக்கமே இல்லாமல் போனது மாதிரி இருந்தது. அந்தக் கை பிழையென்றால் அந்த இரவே பிழையா? அம்மாவின் மடியும், காலுக்குக் கீழே ஈரமான மணலும், கடல் காற்றுக்குத் துணி உப்பியதும் தாழ்ந்ததும்?

அப்போதுதான் அவளுடைய கண் விளக்கனை விட்டு அவனுக்குப் பின்னால் இருந்த கடைப் பலகைக்குப் போனது. பலகையில் பெரிய பெரிய இங்கிலீசு எழுத்துகள். அந்த எழுத்துகளை அவளுக்குத் தெரியும். படம் பார்த்து அடுத்த நாள் மணலில் குச்சியால் கீறிப் பார்த்த எழுத்துகள் அவை. ஆனால் அவள் கீறியவை இப்படி இருக்கவில்லை. ஒவ்வொன்றும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. முகாம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகும் அவள் அப்படித்தான் எழுதினாள். ரீச்சர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி எழுதப் பழக்கினா.

"நான் பின்னால இருந்திருக்கிறன்" என்றாள் சுபாஜினி.

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். அவர்கள் வள்ளத்தில் வந்து இறங்கிய கிழமை அது. பதிவு முடியாத புதுச் சனத்தைத் திடலுக்குக் கடல்பக்கமாக ஒரு கொட்டகையில் விட்டிருந்தார்கள். படம் போட்டபோது அந்தச் சனம் கொட்டகை வாசலில் இருந்தபடியே, துணியின் பின்பக்கத்தில் பார்த்தது. அதனால் எழுத்தெல்லாம் மாறித் தெரிந்தது. வலக்கை இடக்கையாகத் தெரிந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் துணிக்கு ஒரு முன்பக்கம் உண்டென்று யார் சொன்னார்கள்?

"துணி கடைசிவரைக்கும் நிண்டதா?" என்று ஜெகதீபன் கேட்டான். அவனுடைய குரல் மாறியிருந்தது.

இல்லை என்றாள். காற்றுக்குக் கயிறு அறுந்து துணி விழுந்துவிட்டது. திடீரென்று கண்ணுக்குள்ளே வெளிச்சம் அடித்தது. அம்மா சீலைத் தலைப்பால் முகத்தை மூடினா, எல்லாரும் கையால் மறைத்தார்கள். அவளுக்கு அந்த வெளிச்சத்துக்குள்ளே ஏதேதோ நிறம் பறக்கிற மாதிரி இருந்தது. பிடிக்கலாம் என்று கையை நீட்டினாள். பிறகு யாரோ மெசினை நிறுத்திவிட்டார்கள்.

ஜெகதீபன் எழும்பி நின்றான். எங்கேயும் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தான். அவன் அவளுக்கும் முந்தியே முகாமுக்கு வந்து பதிந்தவன். அன்று திடலில், துணிக்கு முன்னால், பிள்ளைகளின் முதல் வரிசையில் இருந்தவன். துணி விழுந்ததை அவன் காணவில்லை. விளக்கனையே பார்த்துக்கொண்டிருந்த எட்டு வயதுக் கண்ணுக்கு, விளக்கனின் வெளிச்சம் போய் மணலில் குந்தியிருந்த சனத்தின் மேலே விழுந்ததுதான் தெரிந்தது. அதையும் படமென்றே நினைத்துவிட்டான்.

"அது நீங்களெல்லே" என்றான். "அந்தச் சனம்."

"ஓம்" என்றாள் சுபாஜினி.

"கையை நீட்டின பிள்ளை..."

நசீறா லப்டொப்பை மெதுவாக மூடினாள். பஸ்ரியண்ணை எழும்பிப் போய்ப் பூச்சு வாளியைக் கிளறுவதுபோல நின்றார். பிறகு ஜெகதீபன் அவளுக்கு முன்னால், அந்தச் சீமெந்துத் தரையிலேயே குந்தி, அவளை அன்றைக்குத்தான் கண்டவன் மாதிரிப் பார்த்தான். பத்து வருசத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நாள் காலையில் சுபாஜினி விளக்கனின் கைகளைக் கழற்றினாள். ஜெகதீபன் ஓடிவந்து வேண்டாம் என்றான். இடக்கையிலேயே இருக்கட்டும், அவள் கண்டபடியே இருக்கட்டும், வெளிநாட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். இத்தனை நாளாக அளவுக்கும் அச்சுக்கும் நின்றவன் அவன்தான், இப்போது கெஞ்சினான்.

"இல்லை, மாத்துவம்" என்றாள் அவள். "பின்னால இருந்து பாத்தது போதும் எனக்கு."

விளக்கு வலக்கைக்குப் போனது. தட்டுகிற மோட்டர் இடக்கைக்கு வந்தது. அதற்காக வயிற்றுக்குள் இருந்த பற்றரிகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது, தலையின் சரிவும் கொஞ்சம் மாறிப்போனது. அதையெல்லாம் அவள் ஆறுதலாகச் செய்தாள். விளக்கின் வெளிச்சத்தை மட்டும் ஜெகதீபன் விரும்பியபடி கீழ்நோக்கியே விட்டாள்.

வங்காலைக் கடற்கரையில் தண்ணீர் வற்றுகிற பின்னேரமாகப் பார்த்து விளக்கனைக் கொண்டுபோனார்கள். லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, ஒரு நோயாளியைப்போலப் படுக்க வைத்திருந்தார்கள். கரைக் காவலில் நின்ற கடற்படைப் பொடியனிடம் பஸ்ரியண்ணை முதல்நாளே போய்ச் சொல்லி வைத்திருந்தார். அவன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உடைந்த தமிழில் இது கடிக்குமா என்று கேட்டான். கேட்கிறது மட்டும்தான், சத்தம் போடாது என்றாள் நசீறா. அவன் தலையாட்டிவிட்டுத் துவக்கை முதுகுக்குப் போட்டுக்கொண்டு, தூக்கி இறக்க ஒரு கை கொடுத்தான்.

கடல் அன்று அசையவே இல்லை. எங்கே மணல் முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அங்கால கண்டல் மரங்கள் வானத்தில் முளைத்தவை மாதிரி நின்றன. தூரத்தில் ஒரு கூட்டம் பூநாரைகள் ஒற்றைக்காலில் நித்திரையாக இருந்தன.

நசீறா ரிமோட்டை அழுத்தினாள். விளக்கன் ஒரு தட்டைக் காலை முன்னால் இழுத்தான். பிறகு மற்றதை. விளக்குப் பற்றியது. இடக்கை மெல்ல எழும்பி, இல்லாத ஒரு கதவைத் தட்டியது. தலை சரிந்தது. பிறகு அடுத்த அடி. பஸ்ரியண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். படம் எடுத்து வெளிநாட்டுக்காரருக்கு அனுப்ப வேணும் என்று வந்த நசீறா போனைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

கணுக்கால் தண்ணீர் வந்தது. திருப்பிக் கொண்டுவர நசீறா அழுத்தினாள். அவன் திரும்பவில்லை. விளையாட்டுக் காரின் ரிமோட் அவ்வளவு தூரம் எட்டாது என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. முதுகில் ஒரு சுவிச் இருந்தது, ஓடிப்போய் நிறுத்தலாம். ஜெகதீபன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"விடுங்கோ" என்றாள் சுபாஜினி. "கொஞ்சம் போகட்டும்."

அவன் நின்று அவளைப் பார்த்தான். பிறகு அவள் வந்து சேரும்வரை காத்துக்கொண்டு நின்றான்.

அப்படியே எல்லாரும் இறங்கி விளக்கனுக்குப் பின்னால் நடந்தார்கள். ஓட வேண்டியிருக்கவில்லை. அவன் நடக்கிற வேகம் மனுசர் நடக்கிற வேகத்திலும் குறைவு. அவனைச் சுற்றிப் பிரிந்த தண்ணீர் வரிகள் இவர்களுடைய முழங்காலில் வந்து தொட்டுப் போயின. பஸ்ரியண்ணை வார்த்த நெஞ்சு தண்ணீரைப் பிளந்துகொண்டு போனது. பூநாரைகள் பறக்கவில்லை. முதலில் ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்தது, பிறகு கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. சுபாஜினிக்குக் கால் நிலத்தில் படுகிறதா என்றே தெரியவில்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, வெளிச்சம் தண்ணீரிலிருந்துதான் வருகிற மாதிரி இருந்தது. இப்படியே நடந்தால் எந்தக் கரை வந்தாலும் சரி என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பில் துக்கம் இல்லை என்பதைக் கண்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தண்ணீர் விளக்கனின் வயிற்றைத் தொட்டபோது விளக்கு ஒருதரம் மங்கிப் பிரகாசித்து அணைந்தது. கால் நின்றது. தலை கடைசியாக ஒருமுறை சரிந்து அப்படியே நின்றுவிட்டது.

"உப்புத் தண்ணி குடிச்சிட்டுது" என்றார் பஸ்ரியண்ணை.

அவர் கரைக்குப் போய் வள்ளம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய மனுசி பெற்றிசியாவும் கூட வந்தா. எல்லாருமாகச் சேர்ந்து விளக்கனைச் சரித்து ஏற்றினார்கள். நசீறாவின் பர்தா இடுப்புவரை நனைந்துவிட்டது, அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. படம் ஒன்றுகூட எடுக்கவில்லை என்று கரைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. கடற்படைப் பொடியன் தான் எடுத்து வைத்திருந்ததாகச் சொல்லித் தன்னுடைய போனைக் காட்டினான். அதில் சின்னதாக நாலு ஆட்களின் முதுகும், அவர்களுக்கு முன்னால் ஒரு பொட்டு வெளிச்சமும் இருந்தன. வெளிநாட்டுக்குப் போனது அந்தப் படம்தான். தபால்காரர், இது என்ன கடல் என்று கேட்டு எழுதினார்.

பெற்றிசியா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நசீறாவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, புருசனும் மனுசியும் வீட்டுக்குத் திரும்பினார்கள். விளக்கனின் மோட்டர்கள் இனி உதவாது, எல்லாவற்றையும் புதிதாகச் சுற்ற வேணும் என்று சுபாஜினிக்குத் தெரியும். அந்த வேலையை நினைக்க அவளுக்கு ஆசையாக இருந்தது. ஜெகதீபன் லான்ட்மாஸ்ரரை ஓட்டினான். அவள் பெட்டியில், ஈரமான பைபர் தோளில் சாய்ந்துகொண்டு இருந்தாள். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். விளக்கனின் வயிற்றுக்குள்ளே மிஞ்சியிருந்த தண்ணீர் ஒவ்வொரு குழிக்கும் மெல்ல அலம்பியது. அதைக் கேட்டுக்கொண்டு வர அவளுக்கு நித்திரை வந்தது.

ஜெகதீபன் திரும்பிப் பார்க்காமலே, எஞ்சின் சத்தத்துக்கு மேலால் ஏதோ கேட்டான்.

"ஓம்" என்றாள் அவள், அவன் கேட்டது என்னவென்று விளங்காமலே.